பதினைந்து டிகிரித் திமிர்

திண்டிவனத்தில் நான் கணக்கு நடத்தும் பெண்கள் பள்ளியில் என்னைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. திமிர் பிடித்தவள். பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள். டிபன் பாக்ஸை நீட்டினால் ஒரு வாய் எடுத்துக்கொள்ள மாட்டாள். தமிழ் ஆசிரியை தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை என் இடது தோளருகே நீட்டியபடி நிற்க, நான் பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்விட்டேனாம். அந்தக் கதை இரண்டு வருடமாக ஸ்டாஃப் ரூமில் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது, கதை மட்டும் ஓயவில்லை.

நான் எதையும் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உண்மை இதுதான். என் விழித்திரை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. நடுவில் மட்டும் பார்வை நன்றாக இருக்கிறது. கரும்பலகையில் கடைசி தசமப் புள்ளிவரை தெரியும். அந்தக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் தெரியாது. புதுச்சேரி கண் டாக்டர் ஒரு கருவிக்குள் என் முகத்தை வைக்கச் சொல்லி, அரை மணி நேரம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் காட்டி அளந்துவிட்டுச் சொன்னார்: மற்றவர்கள் கிட்டத்தட்ட நூற்றெண்பது டிகிரி பார்க்கிறார்கள், உங்களுக்குப் பதினைந்து மிஞ்சியிருக்கிறது, இது இன்னும் பல வருடம் தாங்கலாம். கோணமானி வைத்துப் பாடம் நடத்துகிற எனக்குப் பதினைந்து டிகிரி என்றால் எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடவே இன்னொன்றும் உண்டு. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் ஐந்து நிமிடத்துக்கு எனக்கு எதுவுமே தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் கணவரிடம்கூட, பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பள்ளியில் தெரிந்தால் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு, ஆபீஸ் ரூமில் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். பத்தாம் வகுப்பு இல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஜியாமெட்ரிக்குப் பயந்து வயிற்றுவலி என்று லீவு போடும் பெண்களை இழுத்துவந்து உட்காரவைத்து வட்டம் போட வைப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. அதனால் படிகளை எண்ணிவைத்தேன், நடைகூடத்தில் சுவரைத் தடவியபடி நடந்தேன், யாராவது ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் முறைத்தேன். முறைத்தால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டு, பார்வையற்ற பெண்களின் கிரிக்கெட் அணி ஒன்று விழுப்புரத்திலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வருகிறது, நம் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தப் போகிறார்கள், பொறுப்பு உங்களுடையது என்றார். பி.டி. டீச்சர் பிரசவ லீவில் இருந்தார். நான் கணக்கு, எனக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவர் சிரித்தார்.

“அந்த ஆட்டத்துல பந்து சத்தம் கேக்கணுமாம். இருநூறு புள்ளைங்க வாயை மூடிக்கினு ஒக்காரணும். உங்களை விட்டா யாரால முடியும், சொல்லுங்க.”

என் வாய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். பார்வை இல்லாதவர்கள் பக்கத்தில் நின்றால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கண் தெரிந்தவர்களை ஏமாற்றுவது சுலபம், இவர்களை ஏமாற்ற முடியுமா என்று மூன்று நாள் தூக்கமில்லை. லீவு போடலாமா என்றுகூட யோசித்தேன். போட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஐந்து பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான்கு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் பார்வை உண்டு. கேப்டனுக்கு மட்டும் அறவே கிடையாது. முகையூர்ப் பக்கத்துக்காரி, விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். தலைமையாசிரியை மற்ற நால்வரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். கேப்டன் பாத்ரூம் போக வேண்டும் என்றதால், அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

உச்சி வெயில். நடைகூடத்துக்குள் கால் வைத்ததும் எனக்கு எல்லாம் கறுப்பு. வழக்கம்போல சுவரைத் தேடிக் கையை நீட்டினேன். சுவர் கிடைக்கவில்லை. அறிவியல் கண்காட்சிக்காகச் சுவரோரம் நெடுக பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள், அது என் நினைவில் இல்லை. நீட்டிய கை என்னை அறியாமல் கேப்டனின் கையைத் தேடி, முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் அவள் கையும் என் முழங்கைக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

பார்வையற்ற ஒருவரை அழைத்துப் போகப் பழக்கமில்லாதவர்கள் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுக்குட்டி மாதிரி இழுப்பார்கள். பார்வையற்றவர்களின் முறை வேறு. முன்னால் போகிறவரின் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடப்பார்கள். அப்படிப் பிடிப்பது பின்னால் வருகிறவர். ஆளுக்கு ஆள் அப்படிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் நகரட்டும் என்று இன்னொருவர் காத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் இருட்டில் நின்றோம்.

“டீச்சர், என் கையை நீங்க புடிச்சிருக்கீங்க. உங்க கையை நான் புடிச்சிருக்கேன். ரெண்டு பேரும் பின்னாடி வந்தா யாரு முன்னாடி போறது?”

தரை வழுக்குகிறது என்று ஏதோ உளறினேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எவ்ளோ நாளா?” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னம்மா எவ்வளவு நாள், வந்த வேலையைப் பார் என்றேன். சரிங்க டீச்சர் என்று அதோடு விட்டுவிட்டாள். கைத்தடியை நீட்டி பெஞ்சுக் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டியபடி முன்னால் நடந்தாள். நான் அவள் கையை விடாமல், நேரே போ, இருபது அடி, இடது பக்கம் ஒரு படி இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். அவளுக்கு வழி தெரியாது, எனக்குக் கண் தெரியவில்லை. பாத்ரூமுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அந்த இருபது அடியும் என் முதுகு வியர்த்துக்கொண்டே இருந்தது. மைதானத்தில் இருநூறு பேர் முன்னால் இவள் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது.

மைதானத்தில் அவர்கள் முதலில் பந்தைக் காட்டினார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து, உள்ளே இரும்புக் குண்டுகள். உருட்டினால் டப்பாவில் போட்ட புளியங்கொட்டை மாதிரி குலுங்கியது. பந்தைத் தோளுக்கு மேலே சுற்றி வீசக் கூடாது, இடுப்புக்குக் கீழே தரையோடு தரையாக விட வேண்டும், அது குலுங்கிக்கொண்டே வரும் சத்தத்தை வைத்து அடிக்க வேண்டும். அணியில் மூன்று வகை ஆட்கள். பி-1 என்றால் பார்வையே இல்லாதவர்கள். பி-2 என்றால் ஏதோ நிழல் மாதிரி தெரிகிறவர்கள். பி-3 என்றால் இன்னும் கொஞ்சம் தெரிகிறவர்கள். பி-1 ஒரு ரன் அடித்தால் அது இரண்டாகக் கணக்கு. இதைச் சொன்னதும் என் பத்தாம் வகுப்புப் பெண்கள், நமக்கும் இந்த மாதிரி மார்க் போட்டால் எப்படி இருக்கும் என்று முணுமுணுத்தார்கள். முறைத்தேன். அடங்கினார்கள்.

விக்கெட் கீப்பராக வந்திருந்தவள் பி-3. தனக்கு நடுவில் மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது, பைப் வழியாகப் பார்ப்பது போல இருக்கும் என்றாள். அவள் தன் ஊரில் நடந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள்.

“தெருவுல யாராவது பக்கத்துல நின்னு சிரிச்சா எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அதனால எங்க ஊர்ல எனக்குப் பேரு திமிரு புடிச்சவ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, “நம்ம மேக்ஸ் மிஸ் மாதிரி” என்றது. அது கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையே சட்டென்று அமைதியாகிவிட்டது. எந்தக் கண்கள் என் மேல் இருந்தன என்று எனக்குத் தெரியாது, அது என் பதினைந்து டிகிரிக்கு வெளியே இருந்தது. அந்தப் பெண்ணை எழுப்பித் திட்ட வேண்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து வீசுகிறவர் “ரெடியா?” என்று கேட்பார். மட்டை பிடித்தவர் “யெஸ்” என்பார். பிறகு “ப்ளே” என்று சொல்லிக்கொண்டே பந்தை விட வேண்டும். வீசுகிறவருக்கே பார்வை இல்லாதபோது, எந்தப் பக்கம் விடுவது என்பதற்கு அந்தக் குரல்தான் அடையாளம். முதலில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு மட்டையோடு நின்றாள். யூனிஃபார்ம் துப்பட்டாவில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, துப்பட்டாவையே கண்ணுக்குக் கட்டியிருந்தாள். கேப்டன் பந்தைக் கையில் எடுத்தாள். கணீரென்று “ரெடியா?” என்றாள்.

எங்கள் பள்ளியில் யார் என்ன கேள்வி கேட்டாலும் மொத்த வகுப்பும் சேர்ந்து பதில் சொல்லும். புரிஞ்சுதா என்றால் யெஸ் மிஸ். ஹோம்வொர்க் முடிச்சாச்சா என்றால், முடிக்காதவளும் யெஸ் மிஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஊட்டி வளர்த்த பழக்கம். இருநூறு பெண்களும் ஒரே குரலில், இழுத்து, “யெஸ் மிஸ்ஸ்” என்றார்கள். கேப்டன் அசந்துபோனாள். மட்டைக்காரி எந்தப் பக்கம் என்று அவளுக்குப் புரியவில்லை. எங்கே சத்தம் அதிகமோ அங்கே பந்தை விட்டாள். பந்து குலுங்கிக்கொண்டே போய் தலைமையாசிரியையின் நாற்காலிக்கு அடியில் நின்றது.

இரண்டாவது முறையும் யெஸ் மிஸ்தான். மூன்றாவது முறை நான் எழுந்தேன். இனி ரெடியா என்று கேட்டால் மட்டை பிடித்தவளைத் தவிர எவள் வாயாவது திறந்தால், இன்று மொத்தப் பேரும் ஆறு மணி வரை வாய்ப்பாடு எழுதுவீர்கள் என்றேன். இருநூறு பேரும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் பந்தின் குலுக்கல் கேட்டது. இத்தனை வருடத்தில் என் கோபத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அன்று கேப்டன் சொன்னதுதான். இப்படி அமைதியான மைதானத்தைப் பெரிய மேட்ச்சில்கூடப் பார்த்ததில்லை என்றாள்.

ஏழெட்டுப் பெண்கள் ஆடினார்கள். அநேகமாக எல்லோரும் காற்றைத்தான் அடித்தார்கள். பிறகு தலைமையாசிரியை, டீச்சர்களும் ஆடட்டும் என்றார். பொத்திய கைகளுக்கு உள்ளிருந்தே “மேக்ஸ் மிஸ், மேக்ஸ் மிஸ்” என்று ஒரு முனகல் கிளம்பியது. நான் தடுக்கி விழுவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. நியாயமான ஆசைதான். மறுத்தால் சந்தேகம் வரும் என்று எழுந்து போனேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெண்ணின் துப்பட்டாவால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டேன். கட்டிய பிறகு நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பயம் போய்விட்டது. எங்கே இடிப்பேன், யார் பார்த்துவிடுவார்கள், எந்தப் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு நிமிடமும் போட்டுக்கொண்டிருந்த கணக்கு நின்றுபோனது. கண் கட்டிய எல்லோரையும் போல நானும் ஒருத்தி. மறைக்க ஒன்றும் இல்லை.

“ரெடியா?” என்றாள் கேப்டன். “யெஸ்” என்றேன். முதல் பந்தும் இரண்டாவது பந்தும் என்னைத் தாண்டிப் போயின. மூன்றாவது பந்துக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மட்டையைத் தரையோடு துடைப்பம் மாதிரி வீசினேன். டக்கென்று பட்டது. யாரும் கத்தவில்லை, என் மிரட்டல் அப்படி. அடித்தேனா இல்லையா என்று தெரியாமல் நான் நிற்க, “அடிச்சிட்டீங்க டீச்சர், ஓடுங்க” என்றாள் கேப்டன். எதிர் முனையில் ஒருத்தி இங்க வாங்க, இங்க வாங்க என்று குரல் கொடுக்க, அந்தக் குரலைப் பார்த்து ஓடினேன். இரண்டு வருடத்தில் நான் ஓடியதே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்று கண்கட்டை அவிழ்த்தபோது எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போதுதான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் காகிதத்தோடு வந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக பி-1, பி-2, பி-3 என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் பெயருக்கு நேரே எல்லாம் பார்வை உள்ளவர் என்று அழகாக எழுதி வைத்திருந்தாள்.

“மிஸ், உங்களுக்கும் பார்வை உள்ளவங்கன்னே போட்டுடட்டா?”

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. ஆம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாம், இரண்டு வருடமாகச் செய்த வேலைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் தப்பான விடை எழுத என் கை கூசியது. கணக்கு டீச்சர் புத்தி. கேப்டன் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

“பி-3 போடு” என்றேன்.

“மிஸ்?”

“பி-3. எனக்குப் பதினஞ்சு டிகிரிதான் தெரியும். பக்கத்துல நிக்கற யாரும் எனக்குத் தெரிய மாட்டாங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான்.”

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. வாயைப் பொத்தச் சொன்னது நான்தானே. அந்த அமைதியில் கேப்டன், “கேட்டுச்சில்லம்மா, எழுதிக்கோ. அடுத்து யாரு?” என்றாள். பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பைக் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். தமிழ் ஆசிரியை எழுந்து வந்தார். இந்த முறை எனக்கு நேர் எதிரே வந்து நின்று, அன்றைக்குப் பத்திரிகையை நீங்கள் பார்க்கவே இல்லையா என்றார். இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து மட்டை பிடித்தது அவர்தான். மூன்று பந்தையும் கோட்டைவிட்டார்.

தலைமையாசிரியை நான்கு மணிக்குத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பத்தாம் வகுப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். படியில் உருண்டிருந்தால் யார் பதில் சொல்வது, இரண்டு வருடம் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டார். பிறகு மூச்சு விட்டுவிட்டு, பார்வை குறைந்தது என்பதற்காக யாரையும் வேலையிலிருந்து அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போடுங்கள், பத்தாம் வகுப்புக் கணக்கை வேறு யார் எடுக்கப் போகிறார்கள் என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நடைகூடத்துக்கு நான்கு ட்யூப்லைட் மாட்டச் சொல்லி என் முன்னாலேயே போன் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டேன். நான்கு ட்யூப்லைட்டில் தீரும் காரியத்துக்கா இரண்டு வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

மாலைப் பாசஞ்சரில் அந்த ஐந்து பேரோடு விழுப்புரம் திரும்பினேன். கேப்டன் மல்லாட்டை, வேகவைத்த வேர்க்கடலைதான், வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். மதியம் நடைகூடத்தில் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். விடுங்க டீச்சர் என்றாள். மயிலம் தாண்டும்போது வீட்டில் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

“இன்னிக்கே சொல்லிடுங்க. இருநூறு புள்ளைங்க, இருநூறு அம்மா. நாளைக்குக் காலையில யாராவது உங்க வீட்டுக்காரர்கிட்ட விசாரிப்பாங்க.”

விழுப்புரம் ஸ்டேஷனில் அந்த ஐந்து பேரும் கூட்டமும் இறங்கிப் போன பிறகு, மேம்பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்கி வந்தேன். தினமும் அப்படித்தான். வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். ஹெல்மெட்டை நீட்டினார் போல, நான் வாங்கவில்லை. அவர் அதை ஹேண்டில்பாரில் மாட்டும் சத்தம் கேட்டது. தினமும் கேட்கும் சத்தம்தான், அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததே இல்லை.

அங்கேயே நின்றபடி சொன்னேன். டாக்டர் சொன்னது, டிகிரி, நடைகூடம், ஸ்கோர் காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகாது, பத்தாம் வகுப்பு என்னிடமே இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று முடித்தேன். பொய் சொன்னதற்குக் கோபப்படட்டும் என்று காத்திருந்தேன்.

“ரெண்டு வருஷமாவா?” என்றார்.

“ஆமாங்க.”

என் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

“பக்கத்துல வந்து ஒக்காந்தா திரும்பிக்கூட பாக்க மாட்ட. கையை நீட்டினா புடிக்க மாட்ட. உனக்கு என்னைப் புடிக்காம போயிட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஊரே என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்ல, அதைச் சௌகரியம் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் இவரும் ஒருவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கேள்வி கேட்காமல், தினமும் மாலை இங்கே வந்து நின்றுகொண்டு, இந்த மனுஷர் இதைச் சுமந்திருக்கிறார்.

“எனக்கு நேரா வந்து நில்லுங்க” என்றேன்.

வந்து நின்றார்.